வாசலில் கிடக்கிற லாசரு: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன சபை எங்களுடையது. ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்பு நாட்களில் வாரக்கூட்டத்தில் இரண்டு பகுதிகளைப் படித்தோம். ஒன்று லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியன், மற்றது லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவானும் லாசருவும். வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம் என்றோம். சீட்டுகள் நிறைய வந்தன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வசனங்களை ஆயர் சரிபார்த்துக் கொடுத்தார். அங்கங்கே தெரிகிற கோபம் என்னுடையது.

உலகம் முழுக்க ஏழைகள் இருக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர்களைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

தரித்திரனான லாசரு எங்கே கிடந்தான் என்று பாருங்கள். அந்த ஐசுவரியவானுடைய வாசலில். அவனை அடித்ததாகவோ, விரட்டியதாகவோ, அவன் சொத்தைப் பிடுங்கியதாகவோ இயேசு சொல்லவில்லை. தினமும் சம்பிரமமாய்ச் சாப்பிட்டான், அவ்வளவுதான். வெளியே போகும்போதும் வரும்போதும் அந்த வாசலைத் தாண்டித்தானே போயிருப்பான்?

இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. செத்த பிறகு பாதாளத்தில் வேதனைப்படும்போது அந்த ஐசுவரியவான் ஆபிரகாமிடம் லாசருவைப் பேர் சொல்லியே கேட்கிறான். அப்படியானால் பேர் தெரிந்திருக்கிறது. “எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை” என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை. அந்த நிலையிலும் என்ன கேட்கிறான்? லாசருவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பும் என்கிறான். அங்கே போயும் லாசரு அவனுக்கு வேலைக்காரன்தான்.

நம் ஊர் அமைப்பே இந்த உவமைக்கு ஏற்றாற்போல இருக்கிறது. மேலே பங்களா, கீழே சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகள். ஜன்னலைத் திறந்தால் தகரக் கூரை தெரியும். ஒடிசாவில் புயல் என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காணிக்கை சேர்ந்துவிடுகிறது. நல்ல காரியம், தொடர்ந்து செய்வோம். ஆனால் தூரத்தில் இருக்கிறவர் மறுநாள் வந்து கதவைத் தட்டமாட்டார். பக்கத்தில் இருக்கிறவர் தட்டுவார். அவருடைய பிள்ளையின் பேர் நமக்குத் தெரியும், அவர் கணவர் எந்தக் கடையில் நிற்பார் என்றும் தெரியும். ஒருமுறை உள்ளே நுழைந்தால் எளிதில் வெளியே வர முடியாது. தூரத்து ஏழைமீது நமக்கு இருக்கிற பிரியத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சமாரியன் கதையில் அயலான் எந்த ஊர்க்காரன் என்றே தெரியாதே? அப்படியென்றால் ‘பக்கம்’ என்பதற்கு என்ன அர்த்தம்?

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழி, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிற மலைப்பாதை. பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிற நமக்கு அது எப்படிப்பட்ட பாதை என்று சொல்லத் தேவையில்லை. அதில் அடிபட்டுக் கிடந்தவன் யார், எந்த ஜாதி, எந்த ஊர் என்று இயேசு சொல்லவே இல்லை. போகிற வழியில் எதிர்ப்பட்டான், அதுதான் பக்கம்.

சமாரியன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ஒரு இரவு கூடவே இருந்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. அதோடு விடவில்லை. அதிகமாய்ச் செலவழித்தால் திரும்பி வரும்போது தருவேன் என்று கணக்கைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான். நாம் செய்கிற உதவிகளில் இந்தத் ‘திரும்பி வரும்போது’ மட்டும்தான் பெரும்பாலும் காணோம்.

எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வேலைக்கு வருகிறார். சம்பளம்தான் ஒழுங்காகக் கொடுக்கிறோமே, அதற்குமேல் கடமை உண்டா?

முதலில் சம்பளத்தையே பார்ப்போம். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24 சொல்கிறது. வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறது. வேதத்தில் ஏழையைப் பற்றிய பேச்சில் பல இடங்கள் தர்மத்தைப் பற்றியவையே அல்ல, நியாயமான கூலியைப் பற்றியவை. கொடுக்க வேண்டிய கூலியில் குறைத்துவிட்டு, கிறிஸ்மஸுக்குப் புடவை எடுத்துக்கொடுத்தால் அது தர்மம் ஆகாது. அவர் பணத்தில் வாங்கிய புடவையை அவருக்கே கொடுக்கிறோம்.

ஆகவே சில கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் கொடுக்கிற அளவாவது கொடுக்கிறோமா? உடம்பு முடியாமல் வராத நாளுக்குப் பிடிக்கிறோமா? நாம் ஊருக்குப் போய்ப் பத்து நாள் வீட்டைப் பூட்டினால், அவருடைய அடுப்பும் பத்து நாள் அணைந்திருக்க வேண்டுமா? தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். மதியத்துக்குமேல் மழை பிடித்து வேலையை நிறுத்தினால், காலையிலிருந்து நனைந்தவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுவது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். ஆயரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கீழே லைனிலிருந்து படியேறி வந்து, மூச்சு வாங்கப் பின்கதவுப் பக்கம் நிற்கிற அந்த அக்காவுக்கு டீ எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள்? ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரிலா? அவரே கழுவி அவரே கவிழ்க்கிற டம்ளர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில்தான் திருவிருந்து எடுக்கிறீர்கள். திங்கட்கிழமை என்ன ஆகிறது? இதை எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அந்த டம்ளரை எங்கள் சபையார் வீடுகளிலேயே பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

டிசம்பரில் கம்பளி கொடுப்பது நல்லதுதானே?

நல்லதுதான். சாப்பாடும் துணியும் இல்லாதவரிடம் “குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு 2 கேட்கிறது. உறைபனி விழுகிற ஊரில் அந்த வசனம் நேரே நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது.

ஆனால் டிசம்பரில் எல்லாரும் கம்பளிதான் கொடுக்கிறார்கள். சபைகள், சங்கங்கள், கட்சிக்காரர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒரே லைனுக்குப் போகிறார்கள், ரோட்டோரம் இருக்கிற லைனுக்கு. ஒரு வீட்டில் கம்பளி அடுக்கி வைத்திருக்கும். ஒரு மைல் உள்ளே, வண்டி போகாத இடத்தில், கிழவி சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். முதலில் நடந்துபோய்ப் பாருங்கள். அங்கே என்ன இல்லை என்று கேளுங்கள். சில வீடுகளுக்குக் கம்பளியைவிடக் கூரைத் தகரம் அவசரம். ஒழுகுகிற வீட்டில் கம்பளி இரண்டு நாளில் நனைந்து நாறிவிடும்.

பனிக்காலத்தில் கொழுந்து குறையும், பறிப்பு குறையும், கூலியும் குறையும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் வேலையே நின்றுபோகும் நாட்கள் உண்டு. அந்த மாதங்களில் அரிசியோடு யாரும் வருவதில்லை, ஏனென்றால் அப்போது பண்டிகை இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குளிருக்கு உதவி என்று அடுப்புக்கரி மூட்டையை யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு, கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி, விஷவாயுவால் மூச்சு நின்று இறந்துபோகிறவர்கள் மலையில் உண்டு. கணப்பு மூட்டுகிற வீடு என்று தெரிந்தால், படுக்கும்முன் அதை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பீரோவில் பழைய ஸ்வெட்டர் நிறைய இருக்கிறது. கொடுக்கலாமா?

பித்தான் இருக்கிறதா, ஜிப் ஏறுகிறதா என்று பார்த்து, துவைத்துக் கொடுங்கள். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவில் பேராயராக இருந்த பேசில், அதுவும் ஒரு குளிர் மேட்டுநிலம்தான், தன் பிரசங்கத்தில் சொன்னார்: நீ வைத்துக்கொண்டிருக்கிற அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற அங்கி ஆடையில்லாதவனுடையது. அவர் பார்வையில் அந்த ஸ்வெட்டர் ஏற்கெனவே நம்முடையது இல்லை.

கையில் காசு கொடுத்தால் நேரே டாஸ்மாக்குக்குத்தான் போகிறான். அப்படிப்பட்டவனுக்கும் கொடுக்க வேண்டுமா?

சீட்டுகளில் அதிகமாக வந்த கேள்வி இதுதான். குடி இந்த மலையில் எத்தனை வீட்டைக் கவிழ்த்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதனால் லேசான பதில் சொல்ல விரும்பவில்லை.

குடிக்கிறவர் கையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அவர் வீட்டு அரிசிக்குக் கடையில் கட்டலாம், பிள்ளையின் பஸ் பாஸுக்குக் கட்டலாம், மனைவி கையில் கொடுக்கலாம். மனைவி கையில் கொடுத்தால் இரவில் அவரை அடித்துப் பிடுங்குகிற வீடும் உண்டு, அதையும் விசாரித்துக்கொண்டு செய்யுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய குடி என்றால், இரண்டு ஆண்கள் கூடப் போவது எந்தப் பிரசங்கத்தையும்விட உதவும்.

இதில் என்னை உறுத்துகிறது வேறொன்று. “குடிப்பான்” என்பது பல நேரங்களில் கொடுக்காமல் இருப்பதற்கான சௌகரியமான சாக்கு. அந்தியோகியாவில் லாசருவைப் பற்றி வரிசையாகப் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தம், தர்மம் செய்கிறவன் ஒரு துறைமுகத்தைப் போல என்றார். கப்பல் உடைந்து வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று துறைமுகம் விசாரிப்பதில்லை, கரை சேர்த்துவிடும். குடிகாரனுடைய மகள் பசியோடு பள்ளிக்கூடம் போகிறாள் என்றால் அங்கே விசாரணைக்கு என்ன இருக்கிறது?

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார், 2 தெசலோனிக்கேயர் 3-இல். வேலை செய்ய முடிந்தும் செய்யாமல், அடுத்தவர் விஷயத்தில் தலையிட்டுக்கொண்டு அலைந்தவர்களைப் பற்றி. முட்டி தேய்ந்துபோய்ச் சரிவில் ஏற முடியாத பறிப்புக்காரம்மாவைப் பற்றியல்ல.

இப்போதுதான் அரசாங்கம் எல்லாம் தருகிறதே? சபை எதற்கு?

தருகிறது, உண்மை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. இவற்றைச் சபை கொடுக்க முடியாது, கொடுக்கவும் தேவையில்லை.

ஆனால் அந்த 1,200 ரூபாய்க்கும் கீழே லைனில் இருக்கிற பாட்டிக்கும் நடுவே என்னென்ன நிற்கிறது தெரியுமா? ஆதாரில் பிறந்த வருடம் தப்பு. ரேஷன் அட்டையில் செத்துப்போன மகனுடைய பேர் இன்னும் இருக்கிறது. காலமெல்லாம் கொழுந்து கிள்ளி விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் மெஷினில் கைரேகை விழுவதில்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், ஆகவே விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. இ-சேவை மையத்துக்குப் பஸ் பிடித்துப் போனால் சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள், அன்றைய கூலி போயிற்று. மறுபடி போனால் இன்னொரு காகிதம் கேட்பார்கள். மூன்றாம் தடவை பாட்டி போகமாட்டார்.

சபையின் வேலை அங்கேதான் இருக்கிறது. படித்த பிள்ளைகள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்! ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஆபீசில் இருந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாட்டியோடு பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, கைரேகை விழாவிட்டால் வேறு வழியில் பதியச் சொல்லி அதிகாரியிடம் பொறுமையாகப் பேசி, ரசீதை வாங்கிக்கொண்டு வந்தால் போதும். செலவு பஸ் கட்டணமும் இரண்டு டீயும். அதன்பிறகு பாட்டிக்கு மாதாமாதம் அவருடைய உரிமைப் பணம் வரும், யாரிடமும் கை நீட்ட வேண்டாம். நாங்கள் செய்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் நம் சபையாருக்குத்தானே செய்ய வேண்டும்?

விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கு என்று கலாத்தியர் 6:10 சொல்வது சரிதான். அதே வசனம் அதற்குமுன் ‘யாவருக்கும்’ என்கிறது. 362-இல் ரோமப் பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவர்களை அறவே பிடிக்காதவன், தன் பூசாரி ஒருவனுக்கு எரிச்சலோடு கடிதம் எழுதினான். இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று. எதிரி கொடுத்த சாட்சி அது. நம்மைப் பற்றி இன்றைக்கு யாராவது அப்படிக் கடிதம் எழுதுவார்களா?

எஸ்டேட்டுக்கு வந்திருக்கிற வடநாட்டு ஆட்களும் இதில் சேருவார்களா? பாஷையும் தெரியாது, இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, ஒரு தகரப் பெட்டியோடு இந்தக் குளிருக்கு வந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டான்டீ என்கிற தன் தேயிலைத் தோட்டங்களையே உண்டாக்கியது. அப்போது இந்த ஊர் அவர்களை ‘சிலோன்காரன்’ என்றது. வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கியது.

இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் அதே லைனில், அதே அறையில் இருக்கிறார்கள். நாம் அவர்களை ‘ஹிந்திக்காரன்’ என்கிறோம். எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள், அந்நியனைச் சிநேகியுங்கள் என்று உபாகமம் 10:19 சொல்கிறது. எகிப்து வரைக்கும் போக வேண்டாம், மண்டபம் போதும். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியே நின்று பாட்டு கேட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே கூப்பிட பாஷை தேவையில்லை.

ஆதிவாசி கிராமங்களுக்கு உதவப் போனால் மதம் மாற்றப் போகிறார்கள் என்பார்களே?

சொல்வார்கள். அதனால் அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். ஜெபத்துக்கு வந்தால்தான் உதவி என்று மறைமுகமாகக்கூடச் சொல்லாதீர்கள். பனியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குப் போகும்போது முதலில் அங்கே இருக்கிற பெரியவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பி வாருங்கள். எந்த மலையில் தொழுவது என்று யூதருக்கும் சமாரியருக்கும் வழக்கு உண்டு. அப்படியும் சமாரியன் காயம் கட்டிவிட்டு அவனை எந்த மலையில் தொழுதுகொள்கிறாய் என்று கேட்கவில்லை.

“தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்” என்று இயேசுவே சொன்ன பிறகு, நாம் செய்து என்ன மாறப்போகிறது?

இயேசு அங்கே உபாகமம் 15:11-இன் முதல் பாதியைச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மறுபாதி மனப்பாடம்: ஆகையால் உன் சகோதரனுக்கு உன் கையைத் தாராளமாய்த் திறக்கவேண்டும். மாற்கு எழுதியதில் “மனதுண்டானால் நீங்கள் அவர்களுக்கு நன்மைசெய்யலாம்” என்றும் சேர்த்தே இருக்கிறது.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. எங்கள் வீட்டிலேயே கடன். நாங்கள் எப்படிக் கொடுப்பது?

1990-களின் கடைசியில் விழுந்த விலை சிறு விவசாயியை எப்படி உட்காரவைத்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கடன் வாங்கித் தர்மம் செய்யச் சொல்லவில்லை. சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 இருக்கிறது, முதலில் வீட்டைப் பாருங்கள்.

ஆனால் பணமில்லாதவரும் கொடுக்க வழி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிற பிடியரிசிப் பழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்தது, அதைத்தான் மறுபடி தொடங்கியிருக்கிறோம். தோட்டம் இருக்கிறவர்கள் லேவியராகமம் 19-ஐப் படியுங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்கிறது. ரூத் அப்படிப் பொறுக்கித்தான் மாமியாருக்குச் சோறு போட்டாள். நம் ஊரில் கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்ததும் கிளை விட்டதும் கோணலானதும் ஒரு ஓரமாகக் குவியும். சந்தைக்குத்தான் அது ஆகாது, குழம்புக்கு ஆகும். மாட்டுக்குப் போகும்முன் “வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கழுவுகிற பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டால் எடுக்கமாட்டார்கள், திருட்டு என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம்.

தசமபாகத்தை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, நேரே ஏழைக்குக் கொடுத்துவிடலாமா?

மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை வாசல்களில் வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிடட்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. ஆகவே அதற்கு இடம் உண்டு. சபைக் கமிட்டியோடு கோபித்துக்கொண்டு இப்படிச் செய்கிறீர்கள் என்றால், முதலில் அந்தக் கோபத்தைப் பேசித் தீருங்கள்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? மற்றவர்களுக்கு உற்சாகமாக இருக்குமே.

வேண்டாம். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்றார் இயேசு. அந்த வீட்டுப் பெண் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையோடு படிக்கிறாள், அந்த குரூப்பில் அவளுடைய டீச்சரும் இருக்கிறார். கணக்கு வேண்டுமானால் ரசீதை ஒட்டி நோட்டில் வையுங்கள், கமிட்டி பார்க்கட்டும்.

உதவி வாங்குகிற குடும்பம் காணிக்கை போட்டால் வாங்கலாமா? சங்கடமாக இருக்கிறது.

வாங்குங்கள். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் எருசலேமின் ஏழைகளுக்குக் கொடுக்க எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள் என்று பவுல் எழுதுகிறார். எங்கள் பிடியரிசி மூட்டையில் அரிசி வாங்குகிற வீட்டார் சிலர், தங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பிடி கொண்டுவந்து போடுகிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பிடியரிசியை எப்போது, எங்கே கொண்டுவர வேண்டும்?

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்கு முன். சாக்கு வெஸ்ட்ரி (ஆயர் அங்கி மாட்டுகிற அறை) கதவுக்குப் பின்னால் இருக்கும், பேர் எழுத வேண்டியதில்லை. புழுங்கலும் பச்சரிசியும் கலக்காமல் தனித்தனிச் சாக்கில் போடுங்கள். வண்டு வந்த அரிசியைக் கொண்டுவராதீர்கள், போன மழைக்காலத்தில் ஒரு மூட்டை முழுக்கப் புடைக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற அரிசியாக இருக்கட்டும். படியிறங்கித் தூக்கிக்கொண்டு போக வாலிபர்கள் இரண்டு பேர் குறைகிறார்கள். வருகிறவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், கீழ் லைனுக்குப் போகிற வழியில் அட்டை இருக்கிறது.